ஐம்பத்து நாலின் கழுத்து

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ஐம்பத்து நாலின் கழுத்து எனக்குள் இறங்கியது.

அன்றைக்கு அது இருநூற்றுப் பன்னிரண்டாவது அடி. அதுவரைக்கும் எல்லாம் பழகின அடிகள்தான். தோளில் ஒன்று, விலாவில் ஒன்று, அவனுடைய வலது முழங்கால் வழக்கம்போல் உள்ளே மடங்கி நிமிர்வது. மஞ்சள், மஞ்சள், பச்சை, மஞ்சள் என்று பொத்தானை அழுத்திக்கொண்டே வந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டில் கழுத்தின் இடதுபக்கம் ஏதோ நழுவின மாதிரி இருந்தது. உடனே ஈரக்கயிற்றை உருவினது போல ஒரு குளிர். கழுத்திலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து முழங்கைக்கு, அங்கிருந்து பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் போனது. அப்புறம் அந்த இரண்டு விரலும் எனக்கு இல்லை. கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை.

"நிலோபரம்மா, இதை இன்னொருக்கா ஓட்டுங்க," என்றேன்.

நிலோபர் எங்கள் மேற்பார்வை. அருப்புக்கோட்டைப் பிள்ளை, இஞ்சினியருக்குப் படித்தது. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அடிகளை ஒவ்வொன்றாக எங்கள் சட்டைக்கு அனுப்பும். எங்களை விட இருபது வயது இளையது. எங்களை அண்ணே என்று கூப்பிடும்.

மறுபடி ஓட்டியது. அதே குளிர்.

"இன்னொருக்கா."

"அண்ணே, மூணு தடவைக்கு மேல ஓட்டக் கூடாது. தெரியும்ல?"

"இது மூணாவதும்மா."

மூன்றாவதிலும் வந்தது. சிவப்புப் பொத்தான் மேல் விரலை வைத்தேன். அழுத்தவில்லை. மூன்று வருஷத்தில் எங்கள் குடோன் முழுக்க இருபது பேர் சேர்ந்து அழுத்தின சிவப்பு நாலே நாலு. மாலை ஐந்து மணிக்குள் சொல்லியாக வேண்டும். அப்போது அமெரிக்காவில் விடியற்காலை. ஞாயிற்றுக்கிழமை யார் ஆடலாம், யார் ஆடக் கூடாது என்ற பட்டியல் அப்போதுதான் போகும். சொல்லாவிட்டால் ஐம்பத்து நாலு அந்தக் கழுத்தோடு இறங்கி, இன்னொருத்தன் மேல் தலையைக் கொடுத்து மோதுவான்.

நாங்கள் உட்காருவது முன்பு மிளகாய் வத்தல் குடோனாக இருந்த கட்டடம். விருதுநகர் பஜாருக்குத் தெற்கே இருக்கிறது. மூட்டை தூக்க இயந்திரக் கை வந்தபோது மூட்டை சுமந்த எங்கள் செட்டு முழுக்க வீட்டுக்குப் போனது. இரண்டு வருஷம் கழித்துக் கம்பெனி வந்து, வெள்ளையடித்து, ஏ.சி. மாட்டி, இருபது நாற்காலி போட்டு, எங்களையே தேடிக் கூப்பிட்டது. வத்தல் நெடி மட்டும் சுவரை விட்டுப் போகவில்லை. அமெரிக்காவிலிருந்து பார்க்க வந்த பெரிய ஆள் ஒருவர் பேச வாயைத் திறந்து பதினேழு தும்மல் போட்டுவிட்டுப் போனார். எண்ணியது திரவியம்.

ஞானதிரவியம் என் கூட்டாளி. இருபத்தாறு வருஷம் அவன் ஏத்திவிட நான் சுமந்தேன், நான் ஏத்திவிட அவன் சுமந்தான்.

முதல் நாள் நிலோபர் எங்களை வட்டமாக உட்காரவைத்துச் சொன்னது நினைவிருக்கிறது.

"அங்க கிராண்ட் லீக்னு ஒரு ஆட்டம் நடக்குது அண்ணே. மாங்கொட்டை மாதிரி ஒரு பந்து. ஒருத்தன் தூக்கிட்டு ஓடுவான். மத்தவங்க மேல விழுந்து மடக்குவாங்க. தலையில கவசம் போட்டுருப்பாங்க."

"கெடாமுட்டுன்னு சொல்லிட்டுப் போங்களேன்," என்றான் திரவியம்.

"அப்படியே வச்சுக்கோங்க. அதுல வருஷா வருஷம் ஒரே சண்டை. காயம் கூடுதா, கூடலையான்னு. ஆட்டக்காரங்க சங்கம் கூடுதுங்குது. முதலாளிங்க, கூடல, முன்னாடி எண்ணாம விட்டோம், இப்ப எண்றோம், அதான் கூடுன மாதிரி தெரியுதுங்கறாங்க."

"டாக்டர் இல்லையாம்மா அங்க?"

"டாக்டருக்கும் அதே முதலாளிதான். ஆட்டக்காரனும் வாயத் திறக்க மாட்டான். முடியலைன்னு சொன்னா அடுத்த வாரம் அவன் இடத்துல வேற ஆள்."

இதை எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் தலையை ஆட்டினோம்.

"அடி எவ்வளவு பலம்னு மெஷின் சொல்லிரும். ஆனா ஒரே பலத்துல ஒருத்தன் எந்திரிச்சுப் போறான், இன்னொருத்தன் எந்திரிக்கறதில்ல. அதனால அவங்க உள்ள ஒரு சட்டை போட்டுருப்பாங்க. அடி விழுந்தப்புறம் அந்த உடம்பு என்ன பண்ணுதுன்னு அது பதிஞ்சுக்கும். உங்க சட்டை அதையே உங்க உடம்புல பத்துல ஒரு பங்கா பண்ணிக் காட்டும். ஒண்ணுமில்லைன்னா பச்சை. வலி, ஆனா ஆடலாம்னா மஞ்சள். காயம், ஆடக் கூடாதுன்னா சிவப்பு. சிவப்புக்கு மட்டும் ரெண்டாவதா ஒரு உடம்பும் ஆமான்னு சொல்லணும்."

"அதுக்கு நாங்க எதுக்கு? நாங்க கெடாமுட்டு ஆடுனவங்களா?"

"எல்லாரையும் வச்சுப் பாத்துட்டாங்க அண்ணே. காலேஜ் பசங்க எல்லாத்துக்கும் அலறுனாங்க. ஜிம்முக்குப் போறவங்க எதுக்கும் அலறல. எது வலி, எது காயம்னு பிரிச்சுச் சொன்னது மூட்டை தூக்குனவங்கதான்."

திரவியம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இருபத்தாறு வருஷம் முதுகில் வாங்கினதைப் படிப்பு என்று ஒருவரும் அதற்கு முன் சொன்னதில்லை.

படம் காட்டமாட்டார்கள். முகம் கிடையாது, பெயர் கிடையாது, நம்பர் மட்டும். பார்த்தால் பாசம் வந்துவிடுமாம். என்னிடம் ஆறு பேர். அதில் ஐம்பத்து நாலு மூன்று வருஷமாக என்னோடு இருப்பவன். அவன் இடது சுண்டுவிரல் கோணல். விழுந்தவுடன் மூச்சை அடக்கி, மூன்று எண்ணி, அப்புறம்தான் விடுவான். கூடப் பிறந்தவனைக்கூட எனக்கு அவ்வளவு தெரியாது.

பெருமைப்பட்ட அந்தப் படிப்பிலேயே ஒரு கோளாறு இருந்தது. அது எங்களுக்கு மூன்று வருஷம் தெரியவில்லை.

எங்கள் செட்டில் ஒரு முறை உண்டு. மூட்டைக்கு அடியில் நிற்பவன் முடியலை என்று சொல்லமாட்டான். அவன் உடம்பே அவனிடம் பொய் சொல்லும், இன்னும் ஒரு நடை போகலாம் என்று. அதனால் ஏத்திவிடுகிறவன்தான் பார்க்க வேண்டும். முழங்கால் எப்படி மடங்குகிறது, கழுத்து நடுங்குகிறதா, பாதம் இழுக்கிறதா என்று. சரியில்லை என்று பட்டால் முதுகில் இரண்டு தட்டு தட்டுவான். தட்டு வாங்கினவன் மூட்டையை இறக்கிவிட்டு நிழலில் போய் உட்கார வேண்டியதுதான். ஏன் என்று கேட்கக் கூடாது. மற்றவர்கள் சிரிக்கக் கூடாது. ஒருத்தன் தனக்குத்தானே தட்டிக்கொள்ள முடியாது.

ஒரு முக்கியமான விஷயம் உண்டு. கண்ணால் பார்க்காதவனைத் தட்டக் கூடாது. பக்கத்து லாரியில் நிற்பவன் முனகுகிறான் என்று கேட்டுவிட்டு வந்து தட்டினால் அடிதடியாகிவிடும். அன்றைய நாளை ஒருத்தனிடமிருந்து பிடுங்குகிற வேலை அது. பார்க்காமல் செய்யக் கூடாது.

அந்தப் பழக்கத்தோடுதான் நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்தோம். படம் இல்லை, முழங்கால் தெரியாது. பார்க்காதவனை எப்படித் தட்டுவது? அதனால் எலும்பு உரசினாலும் மஞ்சள். தசை கிழிந்தாலும் மஞ்சள். பாவம், பொழச்சுப் போறான் என்று மஞ்சள். அழுத்திவிட்டு நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டோம்.

போன மாதம் நிலோபர் ஒரு காகிதத்தோடு வெளியே வந்தது. முகம் சரியில்லை.

"அண்ணே, லீக் அறிக்கை வந்துருக்கு. மூணு வருஷமா காயம் குறைஞ்சுக்கிட்டே வருதாம். நம்ம குடோன் சொன்னதை வச்சுத்தான்."

"நல்லதுதானம்மா."

"இருங்க. காயம் குறைஞ்சதால இந்த வருஷம் ரெண்டு மேட்ச் கூட்டியிருக்காங்க. நடுவுல ஒரு வாரம் ஓய்வு இருந்துச்சு. அதையும் எடுத்துட்டாங்க."

திரவியம், "நம்ம இரக்கம் அவனுக மேல ரெண்டு மூட்டையக் கூட ஏத்திருச்சே," என்றான்.

அன்றிலிருந்து எனக்குச் சங்கிலியின் நினைப்பு விடவில்லை. சங்கிலி எங்கள் செட்டுக்காரன். ஒரு உளுந்து லோடில் அவனுக்கு ஏத்திவிட்டது நான். மூன்றாவது நடையில் அவன் கழுத்து லேசாக இடதுபக்கம் துடித்ததைப் பார்த்தேன். ஒரு லாரிதான் பாக்கி. இன்றைக்கு அவன் நாளை ஏன் கெடுப்பானேன் என்று நினைத்து, கையைத் தூக்கி, தட்டாமல் இறக்கிக்கொண்டேன். நாலு எட்டு வைத்தான். விழுந்தவன் கழுத்துக்குக் கீழே இன்றுவரை அசைக்கவில்லை. அவன் என்னை ஒரு சொல் கேட்டதில்லை. நான் பார்க்கப் போகும்போதெல்லாம், "வாடா கூடலிங்கம், சாப்டியா?" என்பான்.

இப்போது என் விரல் சிவப்பு மேல் இருக்கிறது. மணி பதினொன்று இருபது.

அழுத்திவிட்டேன்.

கண்ணாடி அறையில் நிலோபர் எழுந்து நின்றது. "அண்ணே, கைபட்டுருச்சா?"

"இல்லம்மா. அழுத்தியிருக்கேன். அவன் கழுத்து போகப் போகுது."

இரண்டாவது உடம்பாகத் திரவியத்தைப் போட்டார்கள். அவன் பங்கு அடிகள் முடிய மூன்றரை மணி ஆகிவிட்டது. அதுவரை நான் குடோனுக்குள்ளேயே நடந்தேன். மதியம் தூக்குச்சட்டியின் மூடியைத் திறக்கவே இரண்டு தடவை வழுக்கியது. சட்டையைக் கழற்றினாலும் ஐம்பத்து நாலு கொஞ்ச நேரம் என் உடம்பில் நிற்பான். எப்போதும் அப்படித்தான்.

திரவியம் சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான். நிலோபர் ஓட்டியது. நான் எதிரே நின்று அவன் இடது கையையே பார்த்தேன். அது தொடை மேல் சும்மா கிடந்தது.

"வந்துச்சா?" என்றேன்.

"பேசாம இருலே. இன்னொருக்கா ஓட்டச் சொல்லு."

ஓட்டினார்கள். அவன் நெற்றியைச் சுருக்கினான். வியர்க்கவில்லை, கை நடுங்கவில்லை.

"தெரவியம், வந்துச்சாடா?"

கண்ணைத் திறந்து என்னையே பார்த்தான். "தொண்டை வறளுது. போய் ரெண்டு டீ வாங்கிட்டு வா. குடிச்சுட்டு மூணாவதைப் போடுவோம்."

"மணி நாலாகப் போகுது. இப்பப் போயி டீயா?"

"போறியா, நான் எந்திரிக்கட்டா?"

ஓடினேன். வாசல் பெட்டிக்கடையில் இரண்டு கிளாசையும் வலது கையிலேயே விரல்களுக்கு நடுவே செருகிக்கொண்டு வந்தேன். கதவை இடுப்பால் தள்ளித் திறந்தேன். திரவியம் நான் வருவதை வாசலிலிருந்து நாற்காலிவரை பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இடது கைல ஒண்ணைப் பிடிக்க வேண்டியதுதான?"

"அவன் உடம்பு இன்னும் போகலடா."

"எத்தனை நாளா இப்படி?"

"இந்த வாரந்தான். போன வாரமும் லேசா இருந்துச்சு. அதுக்கு முன்னாடி... அது கிடக்கு. அழுத்துவியா மாட்டியா?"

அவன் டீயைக் குடித்து முடித்தான். ஆறவிட்டுக் குடித்தான். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது. மூன்றாவது தடவை ஓட்டினார்கள். மணி நாலு நாற்பத்திரண்டுக்குத் திரவியம் சிவப்பை அழுத்தினான்.

அழுத்தின கொஞ்ச நேரத்தில் சென்னை ஆபீஸிலிருந்து போன். நிலோபர் ஸ்பீக்கரில் போட்டது.

"என்ன நிலோபர், ஐம்பத்து நாலுக்கு ரெட்டா? ஞாயித்துக்கிழமை எவ்வளவு பெரிய மேட்ச் தெரியுமா? அங்கயிருந்து என்னைக் கூப்பிட்டுக் கத்துறாங்க. சந்தேகம்னா எல்லோ போட்டுரலாமே?"

நிலோபர் எங்களைப் பார்த்தது.

"சந்தேகமில்லைங்க சார்," என்றேன்.

"நீங்க யாரு?"

"அவன் கழுத்தைச் சுமந்தவன்."

"இன்னொரு ஆள்?"

திரவியம் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தான். "கழுத்து போயிட்டுதான் சார் இருக்கு. சிவப்புதான். மாத்தாதீங்க."

"தப்பா இருந்தா உங்க சென்டரையே கேள்வி கேப்பாங்க. புரியுதா?"

"புரியுதுங்க. மாத்தாதீங்க."

ஐந்து மணிக்குப் பட்டியல் போனது. அன்று ராத்திரி ஒரு வாரத்துக்கு அப்புறம் நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நிலோபர் எங்கள் இரண்டு பேரையும் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டது. அங்கே நாற்காலி ஒன்றுதான். நாங்கள் நின்றோம்.

"ஸ்கேன் எடுத்துட்டாங்க அண்ணே. மூணு டாக்டர் பாத்துருக்காங்க. கழுத்து சுத்தமா இருக்கு."

"சுத்தமான்னா?"

"ஒண்ணுமே இல்ல. வீக்கம்கூட இல்ல."

"அப்ப அவங்க டாக்டர் பொய் சொல்றாரு."

"ஒருத்தர் ஆட்டக்காரங்க சங்கத்து டாக்டர் அண்ணே. அவர் ஏன் பொய் சொல்லப் போறாரு?"

திரவியத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பட்டியல் போனப்புறம் மாத்த முடியாது. அதனால ஞாயித்துக்கிழமை அவர் ஆட முடியாது," என்றது நிலோபர். "ஆனா ஒரு விஷயம் கேட்டிருக்கார். சிவப்பு போட்ட ஆளைப் பாக்கணும்னு. சாயங்காலம் வீடியோல வர்றாராம். வேண்டாம்னா சொல்லிருங்க. நான் பேசிக்கறேன்."

"வரட்டும்," என்றேன்.

நாலரை மணிக்குத் திரையில் ஐம்பத்து நாலு வந்தான். அப்போதுதான் முகத்தைப் பார்க்கிறேன். முப்பது வயதுக்குள் இருக்கும். கறுப்பு ஆள், அகன்ற தோள், புருவத்தில் பழைய தையல். பின்னால் சமையலறை, ஜன்னலுக்கு வெளியே பனி. சுண்டுவிரலைப் பார்த்தேன். கோணல்தான்.

பெயர் டாரியஸ் ஹோல்கம் என்று நிலோபர் சொன்னது. அவன் பேசுவதை ஒரு மெஷின் தமிழாக்கி அவன் குரலிலேயே சொல்லும். நாங்கள் பேசுவது அங்கே இங்கிலீஷாகப் போகும்.

அவன் வாயை அசைத்தான். மெஷின், "வணக்கம். தாங்கள் எதன் பொருட்டு என் கழுத்தினைக் காயம் என அறிவித்தீர்கள்?" என்றது.

"பட்டிமன்றத்துக்கு வந்த மாதிரி பேசுறானே," என்று திரவியம் முணுமுணுத்தான். மெஷின் அதையும் மொழிபெயர்த்து அனுப்பிவிட்டது. அங்கே ஐம்பத்து நாலு ஒரு நொடி சிரித்தான். அப்புறம் சிரிப்பு போய்விட்டது.

"என் இடத்தில் வரும் ஞாயிறு இருபத்திரண்டு வயதுப் பையன் ஆடுகிறான். ஒரு ஞாயிறு அவனுக்குப் போதுமானது. எனக்கு இனி அந்த இடம் கிடைக்காமல் போகலாம். ஆகவே அறிய விரும்புகிறேன். ஏன் கழுத்து?"

நான் முன்னால் வந்தேன். "தம்பி, எனக்கு வந்துச்சுப்பா. உன் இருநூத்திப் பன்னிரண்டாவது... இல்ல, அது என் கணக்கு. நீ தலையக் குனிஞ்சு ஒருத்தனை மடக்குனியே, அதுல. கழுத்துல நழுவி, குளிர்ந்து, கைவழியா இறங்குச்சு."

"என் வலது முழங்கால் இரண்டு ஆண்டுகளாக எலும்போடு எலும்பு உரசுகிறது. அதைத் தாங்கள் உணர்ந்தீர்களா?"

"தினமும்."

"அதற்கு ஏன் சிவப்பு தரவில்லை?"

"உன்னப் பாக்கலையேப்பா. பாக்காம எப்படி உன் வேலையப் பிடுங்குறது?"

மெஷின் அதை அங்கே சொல்லி முடித்தது. ஐம்பத்து நாலு கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையையே பார்த்தான்.

"நான் தங்களுக்கு நன்றி கூறிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு புதனும். தூரத்தில் யாரோ ஒரு மனிதன் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறான் என்று." நிறுத்தினான். "அந்த மனிதன் இல்லாத கழுத்துக் காயத்தை ஏன் சொன்னான் என்பதே எனக்கு விளங்கவில்லை. எந்த வழியாக இறங்கியது? காட்டுங்கள்."

வலது கை விரலால் என் இடது கழுத்திலிருந்து கோடு போட்டுக் காட்டினேன். தோள், முழங்கை, பெருவிரல், ஆள்காட்டி விரல்.

"இப்போது இருக்கிறதா?"

"இருக்கு."

"தாங்கள் சட்டை அணிந்திருக்கவில்லை."

நான் குனிந்து பார்த்துக்கொண்டேன். வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்த கட்டம் போட்ட சட்டைதான்.

அவன் திரைக்கு மிக அருகில் வந்தான். "நேற்று டாக்டர் என்னை ஒன்று செய்யச் சொன்னார். தாங்களும் செய்யுங்கள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்துங்கள்."

உயர்த்தினேன். வலது கை போனது. இடது கை தோள்வரை வந்து நின்றது. தள்ளிப் பார்த்தேன். மேலே போகவில்லை. கழுத்து இடதுபக்கமாக லேசாகத் துடிப்பது எனக்கே தெரிந்தது.

நிலோபர் வாயில் கையை வைத்திருந்தது.

அப்போது என் முதுகில் விழுந்தது. ஒன்று. இரண்டு.

திரும்பினேன். திரவியத்தின் கண் கலங்கியிருந்தது.

"புதன்கிழமையே தட்டிட்டேன் மாப்ள," என்றான். "சட்டையில எனக்கு ஒண்ணும் வரல. மூணு தடவையும் வரல. நீ டீயத் தூக்கிட்டு வந்ததைத்தான் பாத்தேன். மஞ்சள்னு சொன்னா நீ நாளைக்கும் மாட்டிக்குவ. சிவப்புன்னா அவனை ஸ்கேன் எடுப்பாங்க, கோளாறு யார் கழுத்துலன்னு தெரிஞ்சுரும். நம்ம பேர்ல சிவப்பு போட இதுல பொத்தான் ஏது? அதான் அவன் பேர்ல போட்டேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமேலே."

"சொன்னா ஒத்துக்கிட்டிருப்பியா? அவன் உடம்பு, அவன் உடம்புன்னுட்டுல்ல திரிஞ்ச."

எங்கள் சட்டைக்கு உடம்புக்குள் அடியை அனுப்பத்தான் தெரியும், உடம்பு சொல்வதை வாங்கத் தெரியாது என்று நிலோபர் பிறகு சொன்னது. ஒவ்வொரு அடியும் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் ஒரு நாளைக்கு நானூறு அடி, வாரத்துக்கு மூன்று நாள், மூன்று வருஷம். அதை அதுவரை ஒருவரும் பெருக்கிப் பார்க்கவில்லை.

திரையில் ஐம்பத்து நாலு காத்திருந்தான். திரவியம் சொன்ன எல்லாம் அவன் காதுக்குப் போயிருந்தது. திரவியம் அவனைப் பார்த்துக் கும்பிட்டான். "தம்பி, மன்னிச்சுக்கோ. உன் ஞாயித்துக்கிழமையை எடுத்து இவனுக்குக் குடுத்துட்டேன்."

அவனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது என்றுதான் நினைக்கிறேன். மூச்சை அடக்கினான். நான் என் நெஞ்சுக்குள் மூன்று எண்ணினேன். அப்புறம் விட்டான்.

"எனக்கு இருக்கும் உறுதியான கழுத்தை வைத்து ஒருவர் பிழைத்தார்," என்றது மெஷின். அவன் நிஜமாக என்ன சொன்னானோ. பிறகு, "முழங்காலையும் சொல்லிவிடுங்கள். நான் சொல்லமாட்டேன். என்னால் முடியாது. தாங்கள் சொல்லுங்கள்," என்றான்.

திரை அணைந்தது.

மதுரையில் எனக்குக் கழுத்தில் இரண்டு எலும்புக்கு நடுவே பிளேட் வைத்தார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் கழுத்துக்குக் கீழே அசைந்திருக்காது என்றார் டாக்டர். சங்கிலிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டிருக்க வேண்டும். மூட்டையால் வந்ததா சட்டையால் வந்ததா என்று கேட்டேன். "அதை யாராலயும் சொல்ல முடியாதுங்க," என்றார். கம்பெனிக்கு உடனே சொல்ல முடிந்தது. மூட்டை என்றார்கள்.

குடோனில் இப்போது வேலை மாறிவிட்டது. கம்பெனி மாற்றவில்லை, நாங்களாக மாற்றிக்கொண்டோம், நிலோபர் கண்டும் காணாமல் இருந்தது. ஒருத்தன் சட்டையை மாட்டுவான். இன்னொருத்தன் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அவனையே பார்ப்பான். முழங்கால், கழுத்து, பாதம். கடல் தாண்டி இருப்பவனைப் பார்க்க முடியாது. ஆனால் அவன் அடி இவன் உடம்பில் எப்படி விழுகிறது என்று பார்க்கலாம். பார்த்துவிட்டால் தட்டலாம். எனக்கு ஸ்டூல். திரவியத்துக்கு நாற்காலி. பிளேட் வைத்து ஆறாவது வாரம் நான் வந்து உட்கார்ந்த முதல் நாளே ஐம்பத்து நாலின் முழங்கால் வந்தது. திரவியத்தின் தொடை உள்பக்கமாக இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். கை தூக்கினேன். சங்கிலிக்குத் தூக்கின அதே கை. இந்தத் தடவை இறக்கவில்லை. இரண்டு தட்டு. திரவியம் சிவப்பை அழுத்தினான். அப்புறம் சட்டையைக் கழற்றிவிட்டு, ஒன்றும் கேட்காமல், வாசல் நிழலில் போய் உட்கார்ந்தான்.

மாசிக் கடைசியில் அந்த வருஷத்து அறிக்கை வந்தது. நிலோபர் வெளியே வந்து நின்று படித்தது. ஐம்பத்து நாலு என்ற வரியில் இரண்டு காயம் போட்டிருந்தது. முழங்கால், சீசன் முடியும்வரை. கழுத்து, ஒரு மேட்ச். அந்தக் கழுத்து என்னுடையது. அதை அங்கே இனி யாரும் பிரித்தெடுக்கப் போவதில்லை.

"மொத்தத்துல என்னம்மா சொல்றாங்க?" என்றேன்.

"காயம் போன வருஷத்தை விட மூணு மடங்கு கூடிருச்சாம் அண்ணே. ஒரே அமளியா இருக்காம். மேட்ச் குறைக்கணும்னு ஒரு பக்கம். ஆட்டக்காரங்களுக்கு முன்ன மாதிரி உறுதி இல்லைன்னு ஒரு பக்கம். ஏன் இப்படிக் கூடுச்சுன்னு நம்மகிட்ட விளக்கம் கேட்டிருக்காங்க."

திரவியம் அப்போது சட்டையின் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"கூடலம்மா," என்றான். "தட்டியிருக்கோம். அப்படியே எழுதுங்க."